சத்தம் எப்போது நிற்கிறது?

(தொழிற்பயிற்சி மாணவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஞ்சினைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஆட்கள் ஏராளம். எஞ்சினில் பிறந்த விசை ஃபிளைவீலைத் தாண்டிய பிறகு கிளட்ச், கியர் பாக்ஸ், ஜாயிண்ட் ஷாஃப்ட், கிரவுன்-பினியன், டிஃபரன்ஷியல், ஆக்சில் ஷாஃப்ட், ஹப் என்று ஒவ்வொன்றாகக் கைமாறிச் சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. அந்த வழியில் கோளாறு வந்தால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்பது எப்படி? அதுதான் இன்றைய பேச்சு.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் நின்று இதைப் பேசுவது பொருத்தம். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர், எரிவாயு டேங்கர் ஓடுகிற ஊர், போர்வெல் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்புகிற ஊர் என்று இந்த வட்டாரமே கனரக வண்டியால் வாழ்கிறது. பக்கத்திலேயே கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவுகளோடு நிற்கிறது. பாரம் ஏற்றிய வண்டி ஒருமுறை ஏறி இறங்கினால் கிளட்ச் முதல் ஹப் வரை ஒவ்வொரு பாகத்துக்கும் தேர்வு நடந்துவிடும்.

ஓட்டுநர் பட்டறைக்கு வந்து, "அண்ணே, பின்னாடி ஹவுசிங் கத்துது" என்கிறார். பின் ஆக்சிலை மூடிய பெட்டியைத்தான் ஹவுசிங் என்கிறோம். நம் பட்டறைகளில் இதற்கு உடனே வரும் கேள்வி, "எப்ப கத்துது?" நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு அடுத்து வரவேண்டிய கேள்வி பெரும்பாலும் வருவதில்லை: "எப்ப நிக்குது?" தம்பிகளே, இன்று நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். சத்தம் வரும்போது பத்துப் பாகங்கள் சேர்ந்து சுற்றுகின்றன, பத்தின்மேலும் சந்தேகம். சத்தம் நிற்கும்போது அவற்றில் ஒன்றோ இரண்டோதான் நின்றிருக்கும், அல்லது பாரம் நீங்கியிருக்கும். எது நின்றதால் சத்தம் நின்றது என்று பார்த்தால் சந்தேகம் சுருங்கிவிடுகிறது.

கிளட்சிலிருந்து தொடங்குவோம். வண்டி நிற்கிறது, எஞ்சின் ஐடிலில் ஓடுகிறது, கியர் நியூட்ரலில் இருக்கிறது, கால் பெடல்மேல் இல்லை. இந்த நிலையில் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்டும் அதோடு பிணைந்த கீழ் ஷாஃப்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பெடலை முழுவதும் அழுத்தினால் அவை மெல்ல நின்றுவிடும். ஆகவே கால் எடுத்திருக்கும்போது வரும் சத்தம், பெடலை அழுத்தியதும் நின்றால், கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கையோ கீழ் ஷாஃப்ட் பேரிங்கையோ பாருங்கள். நேர்மாறாக, பெடலில் லேசாகக் கால் வைத்ததும் சத்தம் தொடங்கி, எடுத்ததும் நின்றால், அது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மூன்றாவது ஒன்றும் உண்டு. கிளட்சை முழுக்க அழுத்திக் கியரும் போட்டு நிற்கும்போது மட்டும் சத்தம் வருகிறது என்றால், அப்போது ஃபிளைவீல் சுற்றுகிறது, இன்புட் ஷாஃப்டின் நுனி சுற்றாமல் நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே பைலட் பேரிங் மட்டும் உழைக்கிறது. ஒரு பெடல், மூன்று நிலை, மூன்று இடம். ஸ்பேனர் இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

கியர் விழமாட்டேன் என்கிறது என்று வருகிற வண்டிக்கும் இதே வழிதான். எஞ்சின் ஓடும்போது எந்தக் கியரும் விழவில்லை, அணைத்தால் எல்லாக் கியரும் வெண்ணெயாய் விழுகின்றன என்றால், கியர் பாக்ஸை இறக்காதீர்கள். கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்பதே அதன் பொருள். பெடலின் ஆட்டம், ஆயிலில் காற்று, மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், பிளேட் கோணலாகியிருப்பது என்று வரிசையாகத் தேடுங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் கறகறக்கிறது என்றால்தான் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையத்தின்மேல் சந்தேகம் போகவேண்டும். லாரியிலிருந்து கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவது சின்ன வேலை இல்லை. மாதத் தவணை கட்டும் வண்டிக்காரருக்கு அன்றைய லோடு போனது போனதுதான். தேவையின்றி இறக்கிய ஒவ்வொரு கியர் பாக்ஸும் இன்னொருவர் வருமானத்தில் கை வைப்பது என்று நான் கருதுகிறேன்.

சிங்க்ரோ என்ற இந்த ஏற்பாடு வந்து இன்னும் நூறாண்டு நிறையவில்லை. ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் கண்டுபிடித்ததை 1928-இல் கெடிலாக் கார்களில் பொருத்தினார்கள். அதற்கு முன்பு இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தையும் ஓட்டுநரே காதால் கேட்டு, கிளட்சை இருமுறை மிதித்து ஒத்துப்போக வைக்கவேண்டும். நம் பழைய லாரி ஓட்டுநர்களின் கால்களுக்கு அந்த டபுள் கிளட்ச் இன்னும் மறக்கவில்லை. சிங்க்ரோ அந்த வேலையைச் சின்னப் பித்தளை வளையம் ஒன்றிடம் கொடுத்தது. கூம்பான பரப்பு ஒன்றின்மேல் உரசி, இரண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்கி, அதன் பிறகே பற்களைச் சேரவிடும். உரசுவதுதான் அதன் வேலை. ஆகவேதான் ஆயில் விஷயத்தில் கவனம் வேண்டும். கிரவுன்-பினியனுக்கென்று வரும் ஜி.எல்.-5 ஆயிலைக் கேள்வி கேட்காமல் கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பல் பரப்பைக் காப்பாற்றும் கடும் மருந்துகள் அதில் அதிகம். சிங்க்ரோவுக்குத் தேவையான உரசலை அது குறைக்கும், சில வகைகள் பித்தளையையும் அரிக்கும். பல கியர் பாக்ஸ்களுக்கு ஜி.எல்.-4 என்று கம்பெனி எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான். வண்டியின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதைப் படித்து ஊற்றுங்கள்.

ஆயிலைப் பற்றி இன்னும் ஒன்று. டிரெயின் பிளக்கைக் கழற்றினால் துடைத்துப்போட்டுவிடாதீர்கள், பாருங்கள். அதன் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். நகக்கண்ணில் குத்துகிற அளவுக்கு எஃகுச் சில்லு இருந்தால் எங்கோ பல் உடைந்திருக்கிறது, அல்லது பேரிங் உரிகிறது. ஆயிலில் மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் சிங்க்ரோ வளையம் கரைகிறது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது, ஆகவே ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பார்க்கவேண்டும்.

பட்டறைக்குப் புதிதாக வரும் பையன் மாதக்கணக்கில் டீசலில் பார்ட்ஸ் கழுவுகிறான். அதை ஒரு தண்டனைபோல நடத்துகிறோம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. பல்லின் தேய்மானம், பேரிங்கின் ஓடுபாதையில் விழுந்த குழி, ஷாஃப்டின் நீலம் பாய்ந்த சூட்டுத் தடம், எல்லாவற்றையும் பட்டறையில் முதலில் காண்பவன் அவன்தான். பெரியவர் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று, "இங்க பாரு தம்பி, பல்லு ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு, ஏன்னு யோசி" என்று சொன்னால் அந்த டீசல் தொட்டியே வகுப்பறை. சொல்லாவிட்டால் அவன் கைக்கு எரிச்சல் மட்டும் மிச்சம்.

ஜாயிண்ட் ஷாஃப்டுக்கு வருகிறேன். இங்கே பலரும் தெரிந்துகொள்ளாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிராஸ் போட்ட யுனிவர்சல் ஜாயிண்ட் வளைந்த நிலையில் சுற்றும்போது, ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடும், இருமுறை குறையும். வளைவு 20 டிகிரி என்றால் கூடுவதும் குறைவதும் ஏறத்தாழ 6 விழுக்காடு. இதைச் சமன் செய்யத்தான் ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொரு ஜாயிண்ட், முதல் ஜாயிண்டின் ஏற்ற இறக்கத்தை அது திருப்பி ஈடுகட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் யோக்குகள் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். கிராஸ் மாற்றுகிறோம் என்று ஷாஃப்டைக் கழற்றி, ஸ்லிப் ஜாயிண்டை ஒரு பல் தள்ளிச் சொருகிவிட்டால் ஈடுகட்டவேண்டியது சரியாக ஈடுகட்டாது. புது கிராஸ் போட்ட பிறகும் வண்டி நடுங்குகிறது என்று ஓட்டுநர் திரும்பி வருவார். கழற்றும் முன் இரண்டு பக்கமும் ஒரு கோடு குறித்துக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நடுக்கம் எங்கிருந்து என்று பிரிக்கவும் எளிய வழி உண்டு. எந்த வேகத்தில் நடுங்குகிறதோ அதே வேகத்தில், அதற்குக் கீழ்க் கியரில் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சுற்று கூடிவிட்டது, சாலை வேகம் மாறவில்லை. நடுக்கமும் மாறவில்லை என்றால் கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. நடுக்கம் மாறிவிட்டால் எஞ்சின், கிளட்ச் பக்கம் தேடுங்கள்.

கியர் பாக்ஸுக்குள்ளேயே தேட இன்னொரு வழி. பழைய பாணிக் கியர் பாக்ஸ் பலவற்றில் டாப் கியர் நேரடி இணைப்பு. விசை கீழ் ஷாஃப்டுக்குப் போகாமல் நேராகப் போய்விடும். மற்ற எல்லாக் கியரிலும் இரைச்சல், டாப்பில் மட்டும் அமைதி என்றால், பாரம் நீங்கிய அந்தக் கீழ் ஷாஃப்ட்தான் குற்றவாளி. மறுபடியும் அதே கேள்வி: எப்போது நிற்கிறது?

இனி டிஃபரன்ஷியல். எனக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவேண்டிய சிக்கலைத் தீர்ப்பது இது. மாட்டுவண்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அச்சு நிலையாக நிற்க, இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுற்றும், வளைவில் ஒன்று கூடச் சுற்றும், ஒன்று குறையச் சுற்றும். சக்கரத்தை எஞ்சினே சுழற்றவேண்டும் என்று வந்தபோதுதான், இரண்டையும் சுழற்றவும் வேண்டும், இரண்டுக்கும் தனி வேகமும் வேண்டும் என்ற முரண்பாடு வந்தது. 1828-இல் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காக இதற்கு வழி கண்டு காப்புரிமை பெற்றார். கடிகாரத் தொழிலிலிருந்து வந்தவர் அவர். லாரியின் பின்னால் கிடக்கும் அந்தக் கனத்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் யோசனை, கடிகாரப் பல்சக்கரங்களோடு பழகிய ஒரு மூளையில் உதித்தது.

கணக்கைப் பாருங்கள். அரைவட்டமாகத் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவு. வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட எவ்வளவு தூரம் கூடுதலாக ஓடும்? வளைவு பெரிதோ சிறிதோ, விடை ஒன்றுதான்: இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம் பெருக்கல் 3.14. அகலம் 1.8 மீட்டர் என்றால் 5.65 மீட்டர். லாரி டயரின் சுற்றளவு 3.3 மீட்டர் என்று வைத்தால், ஒரே வளைவில் வெளிச் சக்கரம் ஒன்றரைச் சுற்றுக்கும் மேல் கூடுதலாகச் சுற்றுகிறது. இந்த வித்தியாசத்தை உள்ளே இருக்கும் நான்கு சிறு ஸ்டார் பினியன்கள் தங்கள் முதுகில் தாங்குகின்றன. நேர்ச்சாலையில் அவை தம் அச்சில் சுற்றுவதேயில்லை. அப்படியானால் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் மொட்டை டயர் போட்டு ஓட்டினால் என்னாகும்? கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை நேர்ச்சாலையிலும் அந்தப் பினியன்கள் ஓய்வின்றிச் சுற்றும். ஸ்டார் பினியன் தேய்ந்து வந்தால் டயரையும் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

டிஃபரன்ஷியலின் இன்னொரு குணம், இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் பிடிப்பே இல்லையென்றால் மறுபக்கத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. சேற்றில் ஒரு சக்கரம் வெறுமனே சுற்ற, மறு சக்கரம் அசையாமல் நிற்பது இதனால். இதை அறிந்தவர் இன்னொரு கோளாறையும் வண்டிக்கு அடியில் படுக்காமலே சொல்லிவிடுவார். எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி நகரவில்லை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் தள்ளி நின்று ஜாயிண்ட் ஷாஃப்டைப் பாருங்கள். அது சுற்றவில்லை என்றால் கோளாறு கிளட்சிலோ கியர் பாக்ஸிலோ. அது சுற்றியும் வண்டி நகரவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு ஆக்சில் ஷாஃப்ட் முறிந்திருக்கும். ஒன்று முறிந்தாலே போதும், நல்ல ஷாஃப்டுக்கும் விசை போகாது.

முறிந்த ஷாஃப்டைக் காயலான் கடைக்குப் போடும் முன் அந்த முறிவைப் படியுங்கள். முகம் முழுவதும் மணல்மணலாகப் புதிதாக இருந்தால் ஒரே அடியில் முறிந்தது, அளவுக்கு மீறிய பாரமோ, கிளட்சைப் படாரென்று விட்டதோ காரணம். ஓரத்திலிருந்து அலையலையாக வழுவழுப்பான வரிகள் தெரிந்தால், விரிசல் நெடுநாள் முன்பே தொடங்கி மெல்ல உள்ளே போயிருக்கிறது. முதல் வகைக்கு ஓட்டுநரிடம் பேசவேண்டும். இரண்டாம் வகைக்கு ஷாஃப்டின் பரப்பில் கீறலா, ஸ்ப்ளைன் வேரில் தேய்மானமா, ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பாராமல் புது ஷாஃப்டைப் போட்டால் அதுவும் அதே இடத்தில் முறியும். லாரியில் பாரத்தை ஹவுசிங்கே தாங்குகிறது, ஷாஃப்ட் சுற்றும் வேலையை மட்டும் செய்கிறது. ஆகவே ஹப்பின் போல்ட்டுகளைக் கழற்றிச் சாலையோரத்திலேயே ஷாஃப்டை உருவி மாற்றிவிடலாம். பின்சக்கரம் தள்ளும் பழைய கார்களில் ஷாஃப்டே பாரத்தையும் சுமக்கும். அங்கே முறிந்தால் சக்கரமே வெளியேறும் ஆபத்து உண்டு.

ஹவுசிங் முனையில் ஆயில் கசிந்து பிரேக் லைனிங் நனைந்து வரும் வண்டிகளும் நிறைய. சீலை மாற்றுகிறோம், மறுபடி கசிகிறது. இன்னும் நல்ல கம்பெனி சீல் வாங்குகிறோம், அதுவும் கசிகிறது. ஹவுசிங்கின் தலையில் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுத்துளை இருக்கிறது, அதில் சேறு அடைத்திருக்கும். ஓடிச் சூடேறும்போது உள்ளே காற்று விரிகிறது, போக வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியே தள்ளுகிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்திச் சுத்தம் செய்தால் தீரும் விஷயம்.

இப்போது கிரவுன்-பினியன். ஆக்சிலரேட்டரைக் கொடுக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்தால் நிற்கிறதா? பல்லின் ஒரு முகம். காலை எடுத்தபின் இறக்கத்தில் மட்டும் ஊளையிடுகிறதா? மறு முகம். வளைவில் மட்டும் வந்து நேரில் நிற்கிறதா? ஸ்டார் பினியனும் அதோடு பிணைந்த சைடு கியரும். ஒரு பக்கம் திரும்பும்போது கூடி, மறுபக்கம் திரும்பும்போது குறைகிறதா? ஹப் பேரிங்.

பிரித்துப் புதுச் செட் போடும்போதுதான் உண்மையான பாடம். பினியனையும் கிரவுனையும் தொழிற்சாலையில் ஜோடியாகவே தேய்த்து அனுப்புகிறார்கள், ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. மாட்டியபின் பற்களில் மார்க்கிங் புளூ பூசி, கிரவுனுக்குச் சற்றுத் தடை கொடுத்துச் சுற்றினால் தடம் விழும். தடம் பல்லின் நுனியை நோக்கி ஏறியிருந்தால் பினியன் தள்ளி இருக்கிறது, ஷிம் என்ற மெல்லிய தகடு மூலம் கிரவுனை நோக்கிக் கொண்டுவரவேண்டும். அடியில் இறங்கியிருந்தால் மிக நெருங்கியிருக்கிறது. தடம் பல்லின் உள்முனையில் ஒதுங்கினால் கிரவுனைச் சற்று விலக்கவேண்டும், வெளிமுனையில் ஒதுங்கினால் நெருக்கவேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் டயல் கேஜ் வைத்துப் பல் இடைவெளியை அளக்கவேண்டும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் ஓடும் வேலை இது. கையால் ஆட்டிப் பார்த்து "போதும்" என்று சொல்லும் பெரியவர்களின் விரல் நுட்பத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த விரலை அவர் தன் சிஷ்யனுக்குக் கொடுக்க முடியாது. டயல் கேஜைக் கொடுக்க முடியும். பல் இடைவெளியின் எண்ணைத் தாளில் எழுதி அடுத்த தலைமுறைக்குத் தர முடியும்.

இந்தத் தொழிலை எப்படிக் கற்பிக்கிறோம் என்பதில்தான் என் கவலை. நம் நாட்டில் 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டாண்டு. 1961-இன் அப்ரண்டிஸ் சட்டம் அதன் பின் பட்டறைப் பயிற்சிக்கு வழி செய்தது. அமெரிக்காவில் 1972-இல் தொடங்கிய ஏ.எஸ்.இ. என்ற அமைப்பு நடத்தும் மெக்கானிக் தேர்வுகளில், கைக் கியர் வண்டிகளின் விசைப்பாதைக்கும் ஆக்சிலுக்கும் மட்டுமே தனியாக ஒரு தேர்வு இருக்கிறது. இது தனித் திறமை என்று அவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மிடம் திறமை இருக்கிறது, அதைத் தனியாகப் பார்த்து மதிக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

மின்வண்டி வந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று தம்பிகள் கேட்கிறார்கள். மின்காரில் கிளட்ச் இல்லை, கியர் மாற்றுவதும் இல்லை. ஆனால் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள் உண்டு, டிஃபரன்ஷியல் உண்டு, டிரைவ் ஷாஃப்டும் சிவி ஜாயிண்டும் உண்டு. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது டக்டக்கென்று அடிக்கும் வெளி ஜாயிண்ட், 1983-இல் மாருதி 800 வந்த நாளிலிருந்து நமக்குப் பழக்கமான சத்தம். அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறினால் மின்காரிலும் அது அதே மாதிரிதான் அடிக்கும். எஞ்சின் இரைச்சல் மறைந்துவிட்டதால் பேரிங்கின் முனகலைப் பயணியே கேட்டுவிடுவார். காது பழகியவர்களுக்கு வேலை குறையப்போவதில்லை.

பாதுகாப்புக்கு இரண்டே செய்திகள். கிளட்ச் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது, அது நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துக் கொல்லும். ஈரத்துணியால் துடையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள், ஸ்டாண்டோ கனமான கட்டையோ கொடுத்த பிறகே படுங்கள்.

பட்டறை உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி உள்ளே வந்ததும், பிரிக்கும் முன், பயிற்சிப் பையனையோ பெண்ணையோ கூப்பிட்டு, கோளாறு எங்கே இருக்கும், ஏன் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பிரித்த பிறகு கண்டதை அதற்கு எதிரே எழுதட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டும் ஐந்து நிமிடமும். ஓராண்டில் அந்த நோட்டைப் புரட்டினால், யாரை நம்பி ஒரு வண்டியை விடலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் பேசியது போதும். அரங்கின் வாசலில் பழைய லாரி டிஃபரன்ஷியல் ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி வைத்திருக்கிறோம். பக்கத்தில் மார்க்கிங் புளூவும் டயல் கேஜும் இருக்கின்றன. பினியனை வேண்டுமென்றே இடம் மாற்றி அமைத்திருக்கிறேன். இதுவரை கிரவுன் செட்டிங்கில் கை வைக்காதவர்கள் முதலில் வாருங்கள். தடத்தைப் பார்த்து, பினியனை எந்தப் பக்கம் நகர்த்தவேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், பிறகு சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.